கடன் சொல்லி வாங்கியவர் தரவில்லையா? 555 புத்தகம் முதல் நீதிமன்றம் வரை சிறு வியாபாரிகளுக்கான சட்ட வழிகள்

டெங்கில் - மளிகைக் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு 555 புத்தகம் இருக்கும். பக்கத்துக்கு ஒரு பெயர். பெயருக்குக் கீழே அரிசி, சீனி, எண்ணெய், பால் மாவு என்று வரிசையாகத் தொகைகள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சின்னப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாளன்று மாலை கணக்கு தீரும், பெயருக்குக் குறுக்கே கோடு விழும், மறுநாள் புதுக் கணக்கு தொடங்கும்.

அந்த முறை ஓடியதற்குச் சட்டம் காரணமல்ல. கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒரே தோட்டத்தில் இருந்தார்கள். பிள்ளைகள் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தார்கள், திருவிழாவில் ஒரே கோயிலில் நின்றார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் அங்கே நடமாட முடியாது.

இன்று நிலைமை வேறு. பெராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவானபோது, அங்கும் சுற்றிலும் இருந்த தோட்டக் குடும்பங்கள் பல டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தன. ஒரு பக்கம் சைபர்ஜெயா, இன்னொரு பக்கம் விமான நிலையம் என்று வட்டாரமே மாறிவிட்டது. வாடகைக்கு வருபவர் ஆறு மாதத்தில் வீடு மாறுகிறார். கைப்பேசி எண் அதற்கும் முன்பே மாறிவிடுகிறது. கடன் கொடுக்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. மளிகைக் கடையோடு அது நிற்கவில்லை. வாகனப் பட்டறை, கேட்டரிங், பந்தல் வாடகை, பள்ளி வேன், டியூஷன், சிறு கட்டுமானக் குத்தகை என எல்லாத் தொழிலிலும் 'அடுத்த மாசம் தர்றேன்' என்ற சொல்லுக்கு வேலை செய்து கொடுக்கிறார்கள்.

அந்த அடுத்த மாதம் வராதபோது என்ன செய்யலாம்? மலேசியச் சட்டம் சில தெளிவான வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அவற்றில் நடக்க இரண்டு பொருள் தேவை: கையில் எழுத்து, காலவரம்புக்குள் நடவடிக்கை.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், ஆனால்...

'எழுதி வாங்கவில்லை, அதனால் கேஸ் போட முடியாது' என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். பொருளைக் கேட்டு வாங்கியவர் அதற்கு விலை கொடுக்கக் கடமைப்பட்டவர். சிக்கல் நிரூபிப்பதில்தான். நீதிமன்றத்தில் 'நான் வாங்கவே இல்லை' என்று எதிர்த்தரப்பு சொன்னால், வாங்கினார் என்று காட்ட வேண்டியது கடன் கொடுத்தவரின் பொறுப்பு.

555 புத்தகத்தின் பலவீனம் இங்கே வெளிப்படும். அதில் இருப்பது கடைக்காரரின் கையெழுத்து மட்டுமே. வாங்கியவர் ஒப்புக்கொண்டதற்கு அதில் அடையாளம் இல்லை. அதே புத்தகத்தில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே வாடிக்கையாளரின் கையொப்பமும் தேதியும் இருந்தால், அது நல்ல சான்றாகிவிடும்.

பெரிய தொகையென்றால் பில் எழுதுவது அவசியம். முழுப்பெயர், மைகார்டு எண், முகவரி, என்ன பொருள் அல்லது வேலை, தொகை, எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பொருள் போய்ச் சேர்ந்ததற்கான டெலிவரி ஆர்டரில் கையொப்பம் வாங்கி வைப்பதும் நல்லது.

வாட்ஸ்அப் உரையாடலும் சான்றாகும். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி வழி உருவான ஆவணங்களை நீதிமன்றத்தில் காட்ட இடமளிக்கிறது. 'அண்ணே, 1,800 வெள்ளி பாக்கி தெரியும், மாசக் கடைசியில தர்றேன்' என்று வந்த ஒரு செய்தி, பல பக்கக் கணக்கைவிடப் பயன்படக்கூடும். கைப்பேசியை மாற்றும்போது இத்தகைய உரையாடல்களை அழித்துவிடக்கூடாது. எண், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி படமெடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவராக இருந்தால் அவருடன் செய்த ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. மாணவருக்குக் கடனில் கைப்பேசி விற்பவர்கள் பெற்றோரின் பெயரில் பில் போடுவதே பாதுகாப்பு.

ஆறு ஆண்டு என்ற கெடு

1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்கான வழக்கை ஆறு ஆண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும். பணம் கொடுக்க வேண்டிய நாள் தவறியதிலிருந்து இந்தக் கணக்கு ஓடத் தொடங்கும். பல பில்கள் இருந்தால் ஒவ்வொரு பில்லுக்கும் கெடு தனித்தனியாக ஓடக்கூடும்.

கெடு முடிவதற்குள் வாடிக்கையாளர் ஒரு பகுதியைக் கட்டினால், அல்லது கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், ஆறு ஆண்டுக் கணக்கு அந்த நாளிலிருந்து மீண்டும் முதலிலிருந்து ஓடும். 3,000 வெள்ளி பாக்கிக்கு 50 வெள்ளி கொடுத்தாலும் அதற்கு ரசீது எழுதி, 'பாக்கி 2,950 வெள்ளி' என்று குறிப்பிட்டு இருவரும் கையொப்பமிடுவது அதனால்தான் முக்கியம். வாய் வார்த்தையாக 'தர்றேன், தர்றேன்' என்று சொல்லிக்கொண்டிருப்பது கெடுவை நீட்டிக்காது. தயவு பார்த்துப் பொறுத்திருந்தவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வருமான வரிச் சட்டமும் வியாபாரக் கணக்குகளை 7 ஆண்டுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. எனவே பழைய பில் கட்டுகளைத் தூக்கி எறிய அவசரப்பட வேண்டாம்.

யாரிடம் கேட்பது?

கடன் யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வாங்கியவர் தனி ஆளாக இருந்தால் அவர்தான் பொறுப்பு. 'எண்டர்பிரைஸ்' என்ற பெயரில் தனி உரிமையாளராகத் தொழில் செய்தாலும் அதன் உரிமையாளரே பொறுப்பு. பங்காளித் தொழில் என்றால் பங்காளிகள் பொறுப்பு.

சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தின் கதை வேறு. சட்டத்தின் கண்ணில் அது தனி ஆள். நிறுவனம் வாங்கிய கடனுக்கு, உத்தரவாதம் கொடுக்காத வரை அதன் இயக்குநர் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. கடைப் பலகையில் இருக்கும் பெயரும் பதிவான பெயரும் வேறாக இருப்பதுண்டு. எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் சிறு கட்டணம் செலுத்தி, பதிவு விவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். தவறான பெயரில் வழக்குப் போட்டால் கிடைக்கும் தீர்ப்பு பயன்படாமல் போகலாம்.

நிறுவனத்துக்குப் பெரிய தொகையில் சரக்குக் கொடுப்பவர்கள் இயக்குநரிடம் தனிப்பட்ட உத்தரவாதம் எழுதி வாங்குவது இதற்காகத்தான். நம் சட்டத்தில் வாய்மொழி உத்தரவாதமும் செல்லும் என்றாலும், எழுத்தில் இல்லாத உத்தரவாதத்தை நிரூபிப்பது கடினம்.

அப்பா வாங்கிய கடனுக்கு மகனையோ, கணவர் வாங்கியதற்கு மனைவியையோ பொறுப்பாக்க முடியாது. அவர்கள் உத்தரவாதம் கொடுத்திருந்தால்தான் கேட்கலாம். கடனாளி இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கேட்க வழி உண்டு. குடும்பத்தினரின் சொந்தப் பணத்திலிருந்து கேட்க முடியாது.

முதல் படி: கோரிக்கைக் கடிதம்

நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புவது வழக்கம். வழக்கறிஞர் மூலமும் அனுப்பலாம், வியாபாரியே எழுதியும் அனுப்பலாம். எந்தத் தேதியில் என்ன கொடுக்கப்பட்டது, மொத்தத் தொகை எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். 7 அல்லது 14 நாள் கொடுப்பது வழக்கம். பில் பிரதிகளை இணைத்து, ஏஆர் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

கடிதத்தில் திட்டவோ மிரட்டவோ தேவையில்லை. நாளை அதே கடிதத்தை நீதிபதி படிப்பார் என்று எண்ணி எழுதினால் போதும்.

கடிதம் கண்டதும் பலர் தவணைக்கு இறங்கி வருவார்கள். அப்படி வந்தால் தவணைத் தொகை, தேதி, ஒரு தவணை தவறினால் முழுப் பாக்கியும் உடனே கட்ட வேண்டும் என்ற விதி ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். மாதம் 200 வெள்ளி ஒழுங்காக வருவது, ஒரே தடவையில் 5,000 வெள்ளி வாங்கப் போய் ஒன்றும் கிடைக்காமல் போவதைவிட மேல்.

5,000 வெள்ளி வரை: வழக்கறிஞர் இல்லாத வழி

பாக்கி 5,000 வெள்ளியைத் தாண்டவில்லை என்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையைப் பயன்படுத்தலாம். மலாயில் இதை 'துந்துத்தான் கெச்சில்' என்பார்கள். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆவது ஆணை இதை வகுத்துள்ளது.

வாதியே பாரம் 198ஐ நிரப்பி, சான்றுகளை இணைத்து நீதிமன்றத்தில் பதிய வேண்டும். எதிர்த்தரப்புக்கு அது கிடைத்ததும், எதிர்ப்பு இருந்தால் 14 நாளுக்குள் பாரம் 199இல் பதில் சொல்ல வேண்டும். விசாரணை நாளன்று நீதிபதி இரு தரப்பையும் கேட்பார், சமரசத்துக்கும் முயல்வார். எதிர்த்தரப்பு பதிலும் தராமல் வரவும் இல்லையென்றால் வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரலாம்.

இந்த நடைமுறையில் வாதி தனி ஆளாக இருக்க வேண்டும். சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் வாதியாக முடியாது, ஆனால் பிரதிவாதியாக இருக்கலாம். வாதி வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடியாது, தானே பேச வேண்டும். 5,600 வெள்ளி பாக்கியை இரண்டாகப் பிரித்து இரண்டு வழக்குப் போட முடியாது. அதிகப்படியான 600 வெள்ளியை விட்டுக்கொடுத்து இந்த வழியில் வருவதா, முழுத் தொகைக்கும் வழக்கமான வழக்குப் போடுவதா என்பதை வாதிதான் தீர்மானிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் அல்லது விவகாரம் நடந்த இடத்துக்குரிய நீதிமன்றத்தில் பதிவது வழக்கம். டெங்கில் சிப்பாங் மாவட்டத்தில் இருப்பதால், இவ்வட்டார மக்கள் செல்ல வேண்டியது பண்டார் பாரு சாலாக் திங்கியிலுள்ள சிப்பாங் நீதிமன்றம்.

5,000 வெள்ளிக்கு மேல் போனால்

மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 100,000 வெள்ளி வரையிலான வழக்குகளையும், செஷன்ஸ் நீதிமன்றம் 10 லட்சம் வெள்ளி வரையிலான வழக்குகளையும் விசாரிக்கும். அதற்கு மேற்பட்டவை உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும். தனி ஆள் தன் வழக்கைத் தானே நடத்தலாம். நிறுவனமாக இருந்தால் வழக்கறிஞர் மூலமாகவே நடத்த வேண்டும்.

வழக்கு மனுவைப் பிரதிவாதியின் கையில் நேரடியாகவோ ஏஆர் பதிவுத் தபாலிலோ சேர்ப்பிக்க வேண்டும். ஆள் வீடு மாறித் தலைமறைவாகிவிட்டால், பத்திரிகை விளம்பரம் அல்லது வீட்டுக் கதவில் ஒட்டுதல் போன்ற மாற்று வழியில் சேர்ப்பிக்க நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம். மனு கிடைத்த பிரதிவாதி 14 நாளுக்குள் வழக்கில் முன்னிலையாவதைப் பதிவு செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் விசாரணையின்றியே வாதி தீர்ப்பு பெற முடியும்.

பிரதிவாதி வந்தாலும், அவரிடம் சொல்லத்தக்க எதிர்வாதம் ஏதும் இல்லாதபோது, முழு விசாரணைக்குப் போகாமல் சுருக்கத் தீர்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். கையொப்பமிட்ட பில்லும், கடனை ஒப்புக்கொண்ட செய்தியும் கையிலிருந்தால் இந்த வழி எளிதாகும்.

செலவையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். வென்றவருக்கு நீதிமன்றம் செலவுத்தொகை வழங்கினாலும், வழக்கறிஞருக்குக் கொடுத்தது முழுவதும் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

குத்தகைக்காரர்களுக்குத் தனிச் சட்டம்

டெங்கில், சைபர்ஜெயா வட்டாரத்தில் கட்டுமான வேலை செய்யும் சிறு குத்தகைக்காரர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. சிபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் 2012ஆம் ஆண்டு கட்டுமானத் தொழில்துறைக் கட்டணம், தீர்ப்பாய்வுச் சட்டம் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ளது.

எழுத்து வடிவிலான கட்டுமான ஒப்பந்தம் இருந்தால், வேலை செய்தவரோ பொருள் கொடுத்தவரோ கட்டணக் கோரிக்கை அனுப்பலாம். எதிர்த்தரப்பு 10 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பணம் வரவில்லை என்றால் விவகாரம் தீர்ப்பாய்வாளரிடம் போகும். இரு தரப்பு வாதங்களும் வந்து சேர்ந்த பின் 45 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கோலாலம்பூரிலுள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மன்ற மையம் இதை நிர்வகிக்கிறது.

'மேலே மெயின் கொண்ட்ராக்டருக்குப் பணம் வரட்டும், அப்புறம் உனக்குத் தர்றேன்' என்பது குத்தகைத் தொழிலில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அத்தகைய நிபந்தனை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தாலும் இச்சட்டத்தின்படி செல்லாது. ஆனால் தனி ஒருவர் தாம் குடியிருக்கக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைவான வீட்டுக்கு இச்சட்டம் பொருந்தாது. அங்கே வழக்கமான நீதிமன்ற வழியில்தான் போக வேண்டும்.

தீர்ப்பு வந்துவிட்டது, பணம் வரவில்லை

தீர்ப்பு என்பது ஒரு காகிதம். அதைப் பணமாக்குவது அடுத்த வேலை. தீர்ப்புத் தொகைக்கு முழுவதும் கட்டித் தீரும் வரை ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி உண்டு. கடனாளி தானாகக் கட்டவில்லை என்றால் இந்த வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்:

தீர்ப்புக் கடனாளி சம்மன்: கடனாளியை நீதிமன்றத்துக்கு அழைத்து, அவருடைய வருமானம், சொத்து, செலவு ஆகியவற்றை விசாரித்து, தவணையாகக் கட்ட உத்தரவிடச் செய்யலாம். 1957ஆம் ஆண்டு கடனாளிகள் சட்டம் இதற்கு வழிசெய்கிறது. வசதி இருந்தும் உத்தரவை மீறினால் சிறைக்கு அனுப்பவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மாதச் சம்பளக்காரரிடம் இதுவே பெரும்பாலும் பலன் தரும்.

பறிமுதல், விற்பனை ஆணை: நீதிமன்ற பெய்லிஃப் கடனாளியின் பொருளைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விற்று, கடனைத் தீர்க்கலாம்.

கார்னிஷி உத்தரவு: கடனாளிக்கு வேறொருவர் கொடுக்க வேண்டிய பணத்தை நேரடியாகத் தமக்குத் திருப்பிவிடச் செய்வது இது. வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்தைப் பிடிக்க இதுவே வழி. கடனாளி காசோலையிலோ வங்கி மாற்றிலோ ஒரு முறையாவது பணம் கட்டியிருந்தால், அவர் கணக்கு எந்த வங்கியில் உள்ளது என்பது தெரிந்துவிடும். அந்தக் குறிப்பையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

'அவருடைய இபிஎஃப் பணத்தைப் பிடிக்க முடியாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. ஊழியர் சேமநிதியில் இருக்கும் சந்தாப் பணத்தைக் கடனுக்காகப் பறிமுதல் செய்ய 1991ஆம் ஆண்டு சட்டம் இடமளிப்பதில்லை. தோட்டக் காலத்தில் ஆபீஸில் சொல்லிச் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்ததுபோல இன்று முதலாளியிடம் கேட்கவும் முடியாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளப் பிடித்தங்களைக் கட்டுப்படுத்துகிறது. மூன்றாம் தரப்புக்குக் கொடுப்பதற்காகப் பிடிக்க, தொழிலாளியின் எழுத்துபூர்வ வேண்டுகோளும் தொழிலாளர் துறையின் அனுமதியும் தேவை.

'பேங்க்ரப்ட் ஆக்கிடுவேன்' என்ற மிரட்டலும் சிறு கடன்களுக்கு வெறும் பேச்சுத்தான். 2020 அக்டோபர் முதல், ஒருவரைத் திவாலானவராக அறிவிக்கக் கோர அவருடைய கடன் குறைந்தது 100,000 வெள்ளியாக இருக்க வேண்டும். சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தைக் கலைக்கக் கோரும் சட்டபூர்வக் கோரிக்கைக்கு வரம்பு 50,000 வெள்ளி. அதற்கு நிறுவனத்துக்கு 21 நாள் அவகாசம் தர வேண்டும். கடனில் உண்மையான தகராறு இருக்கும்போது இந்த வழியை மிரட்டலாகப் பயன்படுத்தினால் நீதிமன்றம் ஏற்காது.

இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது

கடன் நியாயமானதாக இருந்தாலும், அதை வாங்கும் முறை தவறானால் கடன் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும்.

கடனாளியின் மைகார்டைப் பிடித்து வைத்துக்கொள்வது தோட்டப்புறத்தில் இன்னும் நடக்கிறது. பிறருடைய மைகார்டைச் சட்டபூர்வக் காரணமின்றி வைத்திருப்பது 1990ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிமுறைகளின் கீழ் குற்றம். வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கி வைத்துச் சம்பள நாளன்று பணம் எடுப்பதும் ஆபத்தான வேலை.

கடனாளியின் மோட்டார் சைக்கிளையோ தொலைக்காட்சியையோ 'பாக்கிக்கு ஈடு' என்று அவர் சம்மதமின்றித் தூக்கி வருவது திருட்டுக் குற்றச்சாட்டில் முடியலாம். பட்டறைக்காரரின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. பழுதுபார்க்கக் கொண்டுவந்து விட்ட வாகனத்தை, அதற்கான கூலி கொடுக்கும் வரை பட்டறையில் நிறுத்தி வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டம் உரிமை தருகிறது. அந்த உரிமை அந்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான். பழைய பாக்கிக்காகப் பிடித்து வைக்கவோ, தன்னிச்சையாக விற்கவோ கூடாது. வாகனத்தை ஒரு முறை வெளியே விட்டுவிட்டால் உரிமையும் போய்விடும்.

கடனாளியின் படத்தையும் மைகார்டையும் ஃபேஸ்புக்கிலோ டிக்டோக்கிலோ போட்டு 'இவரை நம்பாதீர்கள்' என்று எழுதுவது இப்போது பெருகிவிட்டது. அவதூறு வழக்கு, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தொடர்பு பல்லூடகச் சட்டம் என்று பல பக்கமிருந்தும் இது திரும்பி அடிக்கக்கூடும். துன்புறுத்தும் நோக்கில் ஒருவரின் அடையாள விவரத்தைப் பரப்புவதைக் குற்றமாக்கும் பிரிவும் 2025இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. வீட்டு வாசலில் ஆள் வைத்து மிரட்டினால் குற்றவியல் மிரட்டல் வழக்கு வரும். வசூலுக்கு ஏஜெண்டை அமர்த்தினாலும், அவர் செய்யும் காரியத்தின் பழி வியாபாரியின் வாசலுக்கே வரும்.

தாமதமானால் வட்டி போடலாம் என்று நினைப்பவர்கள், அதை முன்கூட்டியே பில்லிலோ ஒப்பந்தத்திலோ எழுதி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அப்போதும் தொகை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். பொருளைக் கடனுக்கு விற்பது வேறு, வாடிக்கையாளருக்குக் கையில் ரொக்கம் கொடுத்து வட்டி வாங்குவது வேறு. உரிமமின்றி வட்டிக்குப் பணம் கொடுப்பது 1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டத்தின்படி குற்றம். ஒரே ஒருவருக்கு வட்டிக்குக் கொடுத்தது நிரூபணமானாலும், வட்டித்தொழில் செய்வதாகவே சட்டம் அனுமானிக்கும். அந்தப் பணத்தையும் நீதிமன்றம் வழியாக மீட்க முடியாது.

வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போய்க் கடனை வாங்கலாம் என்று சில வியாபாரிகள் எண்ணுகிறார்கள். அங்கே வழக்குத் தொடுக்கும் உரிமை பயனீட்டாளருக்கு மட்டுமே. அதன் வரம்பு 50,000 வெள்ளி. கல்யாணத்துக்குக் கொடுத்த சாப்பாடு கெட்டுப்போனது, பழுதுபார்த்த வண்டி மறுவாரமே நின்றுவிட்டது என்று வாடிக்கையாளர் அங்கே போகலாம். கடன் கேட்கும் வழக்கிலும் அதையே எதிர்வாதமாக வைக்கலாம். எனவே வேலையில் குறை என்று வாடிக்கையாளர் சொன்ன நாளிலேயே அதைக் கவனித்து, தீர்த்துக் கொடுத்ததை எழுத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது.

வராத கடனையும் கணக்கில் காட்டலாம்

எல்லா முயற்சிக்குப் பிறகும் சில பாக்கிகள் வராது. ஆள் நாட்டிலேயே இல்லாமல் போகலாம், கையில் ஒன்றுமில்லாதவராகவும் இருக்கலாம். 700 வெள்ளிக்காக நான்கு நாள் கடையை அடைத்து நீதிமன்றம் போவது இலாபமா என்பதையும் யோசிக்க வேண்டும். வியாபாரக் கணக்கில் ஏற்கெனவே வருமானமாகக் காட்டிய தொகை திரும்பக் கிடைக்காது என்று நியாயமாகத் தெரிந்தால், வருமான வரிச் சட்டத்தின் கீழ் அதை வராக்கடனாகக் கழிக்க வாய்ப்புண்டு. அதற்கும் வசூலிக்க எடுத்த முயற்சியின் சான்று வேண்டும். பில், கோரிக்கைக் கடிதம், தபால் சீட்டு ஆகியவை அங்கேயும் உதவும்.

கடன் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள் என்று நம் கடைக்காரர்களிடம் சொல்வது எளிது. மாதக் கடைசியில் பால் மாவு கேட்டு வரும் தாயிடம் முடியாது என்று சொல்ல அவர்களால் முடிவதில்லை. அந்த மனத்தை மாற்ற வேண்டியதில்லை, புத்தகத்தில் எழுதும் முறையை மாற்றினால் போதும். கடன் எழுதும் ஒவ்வொரு வரியிலும் தேதி, தொகை, வாங்கியவரின் கையொப்பம் இருக்கட்டும். ஒருவருக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாக்கிக் கணக்கைக் காட்டி ஒப்புதல் கையொப்பம் வாங்கிக்கொள்ளலாம். பெரிய தொகையில் வழக்குத் தொடுக்கும் முன், பில் கட்டோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்து ஆலோசனை கேட்பது நல்லது.